ஒர்க்ஃபோர்ஸ் போர்டு: நம்ம ஊர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்தானா இதுவும்?

கேள்வி (ஓசூர்க்காரன்), 12 ஜனவரி 2024

ஒஹாயோவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. மனைவி எம்.காம்., திருமணத்துக்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவள். எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கான வேலை அனுமதி அட்டை) கைக்கு வந்ததும் எங்கள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேலை மையத்துக்குக் கூட்டிப் போனேன். ரெஸ்யூமே வகுப்பு, இன்டர்வியூ வகுப்பு என்று இரண்டு வாரம் ஓடியது. ஒரு அக்கவுன்டிங் சர்டிஃபிகேட் கோர்சுக்குப் பணம் கேட்டால், "போர்டு பட்டியலில் அது இல்லை" என்கிறார்கள். யார் சார் இந்த ஒர்க்ஃபோர்ஸ் போர்டு? அங்கே யாரும் கண்ணில் படவே இல்லை. இதுவும் நம்ம ஊர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் மாதிரி பெயருக்கு ஓர் ஆபீஸ், அவ்வளவுதான் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பட்டறைக்காரன், 13 ஜனவரி 2024, சனி காலை

மறுக்கிறேன். ஆனால் பாதிதான்.

அந்தக் கட்டிடத்துக்குள் மூன்று விதமாக நுழைந்தவன் நான். வேலை போனவனாக, பயிற்சிக்குப் போனவனாக, இப்போது ஆள் எடுக்கிறவனாக. கோவை கணபதியில் லேத் பட்டறையில் தொடங்கி, மனைவி நர்ஸ் என்பதால் அவள் பின்னால் 2005-இல் இங்கே வந்து சேர்ந்தவன். எந்த ஊர் மையம் என்று மட்டும் கேட்காதீர்கள், அங்கே இன்னும் முகம் கொடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

போர்டு உங்கள் கண்ணில் படாது தம்பி. அது ஆபீஸ் அல்ல, ஒரு மேஜை. இருபது முப்பது பேர், எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது, சில மாதங்களுக்கு ஒருமுறை கூடுவார்கள். 2014-இல் வந்த சட்டம் (வியோவா என்று சொல்வார்கள்) அந்த மேஜையில் யார் யார் உட்கார வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. பாதிக்கு மேல் தொழில் நடத்துகிறவர்கள், தலைவரும் அவர்களில் ஒருவர்தான். ஐந்தில் ஒரு பங்காவது யூனியன், அப்ரென்டிஸ் பயிற்சி, தொண்டு அமைப்பு ஆட்கள். மீதி காலேஜ், மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுத் துறை, அரசாங்கம். இவர்களை நியமிப்பது உள்ளூரில் தேர்தலில் ஜெயித்தவர்கள், பெரும்பாலும் கவுண்டி கமிஷனர்கள்.

போர்டு வேலை கொடுக்காது, பாடமும் நடத்தாது. பொதுவாக அது நேரடியாகப் பயிற்சி நடத்தவே சட்டத்தில் தடை இருக்கிறது, ஆளுநர் விலக்குக் கொடுத்தால்தான் உண்டு. கல்யாண வீட்டில் சமையல்காரர் வேறு, யாரைச் சமைக்கக் கூப்பிடுவது, எத்தனை இலை என்று திண்ணையில் பேசி முடிக்கிற பெரியவர்கள் வேறு இல்லையா? போர்டு திண்ணை. நீங்கள் கவுன்டரில் பார்த்த அம்மா பந்தி பரிமாறுகிறவர். அவரைத் திட்டிப் பயன் இல்லை, சாம்பாரில் உப்பு போட்டது அவர் இல்லை.

பட்டறைக்காரன், 13 ஜனவரி 2024, இரவு

ஒன்று விட்டுப்போனது. எச்-4-க்குப் பயிற்சிப் பணம் வராது என்று நினைக்கிறேன். கிரீன் கார்டு வேண்டும்.

பட்டறைக்காரன், 14 ஜனவரி 2024

நேற்றிரவு எழுதியது தப்பு. டப்ளின் அக்கா (அயர்லாந்து அல்ல, கொலம்பஸ் பக்கத்து டப்ளின்) சட்டத்தையே எடுத்துப் போட்டுவிட்டார். குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், அகதிகள் என்று பட்டியல் போட்டு, கடைசியில் "இங்கே வேலை செய்ய அனுமதி பெற்ற மற்ற குடியேறிகள்" என்றும் ஒரு வரி இருக்கிறது. இ.ஏ.டி. அந்த வரிக்குள் வரும். மன்னிக்கவும்.

ஆனால் ஓசூர்த் தம்பி வீட்டில் மாட்டுவது அங்கே இல்லை. பெரியவர்களுக்கான திட்டத்தில் பயிற்சி என்று வந்தால், அரசு உதவி வாங்குகிறவர்கள், வருமானம் குறைந்தவர்கள், எழுத்தும் கணக்கும் தடுமாறுகிறவர்கள் ஆகியோருக்குத்தான் முதல் பந்தி. வருமானத்தைக் குடும்பத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் சம்பளம் அந்தக் கோட்டுக்கு எங்கேயோ மேலே நிற்கும். முன்னுரிமை என்றால் மற்றவர்களுக்குக் கிடையாது என்று பொருள் அல்ல. ஆனால் பணம் இறுக்கமான வருஷத்தில் முதல் பந்தியோடு சோறு தீர்ந்துவிடும்.

பட்டியல் விஷயமும் உண்மைதான். பயிற்சிப் பணத்தை நம் கையில் தர மாட்டார்கள், ஒரு கணக்கு மாதிரி நம் பெயரில் வைப்பார்கள். மாநிலம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள இடத்துக்குத்தான் அதைக் கட்ட முடியும், அதுவும் ஊரில் ஆள் தேவைப்படுகிற தொழிலாக இருந்தால். லாரி ஓட்டும் லைசென்ஸ், நர்ஸ் எய்டு, வெல்டிங், ஏசி மெக்கானிக், ரத்தம் எடுக்கிற படிப்பு: எங்கள் பக்கம் சுற்றிச் சுற்றி இவைதான். எம்.காம்.-க்காரிக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தால் எரிச்சல் வரும், தெரியும்.

ரெஸ்யூமே வகுப்பு, வேலை மேளா, கம்ப்யூட்டர் எல்லாம் யார் போனாலும் இலவசம். அதற்கு வருமானம் கேட்க மாட்டார்கள்.

பட்டறைக்காரன், 3 பிப்ரவரி 2024

2009 கதையைச் சொல்லச் சொன்னீர்கள். பனி கொட்டுகிறது, வெளியே போக வழியில்லை, சொல்கிறேன்.

நான் இருந்தது கார் உதிரிபாகம் செய்கிற ஓர் இடம். பெயர் வேண்டாம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறையில் கூடச் சொன்னார்கள், மூன்று மணிக்கெல்லாம் எல்லோரும் அட்டைப் பெட்டியோடு பார்க்கிங்கில் நிற்கிறோம். எனக்கு வயது 38. கோவையில் பதினாலு வருஷம் லேத், இங்கே மூன்று வருஷம் பழைய மெஷின்கள். சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்) தொட்டதில்லை. பேப்பரில் வந்த அத்தனை டர்னர் வேலையும் சி.என்.சி. கேட்டது.

மையத்தில் என்னைப் போல நூறு பேர். அந்த மாதம்தான் ஒபாமாவின் பொருளாதார மீட்புச் சட்டம் கையெழுத்தாகி, பயிற்சிக்கென்று கூடுதல் பணம் மாநிலங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் என் முறை வந்திருக்குமா, சந்தேகம்தான். முதலில் தனியாக வேலை தேடிப் பார்க்க வேண்டும், அப்புறம் கவுன்சலரோடு உட்கார்ந்து தேட வேண்டும், இரண்டிலும் கிடைக்கவில்லை என்று ஃபைலில் ஏறினால்தான் பயிற்சி. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.

நடுவில் டேப் என்று ஒரு தேர்வு. எழுத்து, கணக்கு. டி.எம்.இ. (மெக்கானிக்கல் டிப்ளமோ) முடித்தவனுக்கு இதுவா என்று ஒரு கர்வம் எனக்கு. உட்கார்ந்தால், பத்து கேள்விக்கு மேல் பின்னம். அங்குலத்தில் எட்டில் ஐந்து, அதிலிருந்து நாலில் ஒன்று போனால் மீதி என்ன? நமக்குப் பட்டறையில் எல்லாம் மில்லிமீட்டர். பேனா நின்றுவிட்டது. அப்போது பக்கத்துத் தெருத் தச்சர் ஞாபகம் வந்தார். ஓர் அங்குலம் எட்டு நூல். அஞ்சு நூல்ல ரெண்டு நூலு போச்சுன்னா மூணு நூலு. எட்டில் மூன்று! அதற்கப்புறம் தேர்வு முழுக்க நூலில்தான் எழுதினேன். கவுன்சலர் அம்மா மார்க்கைப் பார்த்துவிட்டு, "பின்னத்தில் இவ்வளவு தேறியவர் இந்த வாரம் யாரும் இல்லை" என்றார். எந்தப் பள்ளியில் படித்தேன் என்று கேட்டார். தச்சரை எப்படி விளக்குவது?

கம்யூனிட்டி காலேஜில் 16 வாரம் சி.என்.சி. பாதிப் பேர் என் மகன் வயது. படிப்பு முடிந்தும் மூன்று மாதம் ஒன்றும் அசையவில்லை. சர்டிஃபிகேட் கையில் இருக்கிறது, "அனுபவம்?" என்கிறான். இங்கேதான் அந்தக் கவுன்சலர் ஒரு காரியம் செய்தார். மையத்தில் கம்பெனிகளோடு பேசுவதற்கென்றே தனியாக ஓர் ஆள் உண்டு. அவரிடம் போய், "கையால் லேத் ஓட்டிய ஆள் ஒருத்தர் இருக்கிறார், கேட்டுப் பார்" என்றிருக்கிறார். அவருக்கு 20 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை முதலாளியைத் தெரியும். சில மாதம் என் சம்பளத்தில் பாதியைத் திட்டம் திருப்பிக் கொடுக்கும், வேலையிலேயே அவர் எனக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஓ.ஜே.டி. என்பது அதுதான்.

அதே பட்டறையில்தான் இன்னும் இருக்கிறேன்.

பட்டறைக்காரன், 4 பிப்ரவரி 2024

டப்ளின் அக்கா மறுபடி குட்டியிருக்கிறார். மூன்று மாடிக் கதை வியோவாவுக்கு முந்தைய 1998 சட்டத்தோடு முடிந்தது. 2014 சட்டம் அந்த வரிசையை எடுத்துவிட்டது, ஃபைலைப் பார்த்து நேராகப் பயிற்சிக்கே அனுப்பலாம். இப்போது போகிறவர்கள் என் கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

இதை எழுதும்போதே ஒரு யோசனை. எனக்கு வேலை வாங்கித் தந்தது சர்டிஃபிகேட்டா, அந்தக் கவுன்சலரும் கம்பெனிகளோடு பேசுகிற ஆளும் காரிடாரில் பேசிக்கொண்டதா?

பட்டறைக்காரன், 25 பிப்ரவரி 2024

"எம்ப்ளாய்மென்ட் ஆபீஸோடு ஒப்பிட்டது சரியா தப்பா, அதைச் சொல்லுங்கள்" என்று ஓசூர்த் தம்பி விடாமல் கேட்கிறார்.

பத்தாவது முடித்த கையோடு அப்பா என்னைக் கூட்டிப் போய்ப் பதிந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் சீனியாரிட்டி போச்சு. நான் பட்டறையில் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அப்பா அந்த அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார், "கார்டு வரும்டா" என்று. வரவில்லை. ஆனால் ஒன்று, அது வரிசை. முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு, என்றாவது நம் எண் வரும் என்று காத்திருக்கலாம்.

இங்கே வரிசையே கிடையாது. பத்து வருஷமாகப் பதிந்தவரும் நேற்றுப் பதிந்தவரும் ஒன்று. முதலாளிக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர். அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "அப்புறம் எதுக்கு அரசாங்கம்?" என்று கேட்டிருப்பார்.

வரலாறும் கொஞ்சம் ஒட்டுகிறது. அமெரிக்காவில் அரசாங்க வேலைவாய்ப்புச் சேவை 1933-இல் வாக்னர்-பைசர் சட்டத்தோடு நிலைபெற்றது, பெருமந்தக் காலம். இந்தியாவில் 1945-இல், போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேட என்று ஆரம்பித்தது. இங்கே அந்த 1933 சேவை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதே மையத்துக்குள்ளேயே. எந்த மேஜைக்கு எந்தச் சட்டத்திலிருந்து சம்பளம் வருகிறது என்பது உள்ளே வேலை செய்கிறவர்களுக்கே சில சமயம் குழப்பம். ஆறு திட்டங்களை வியோவா சட்டம் கட்டாயமாக ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கிறது. வெளியே பெயர்ப்பலகையில் ஒரே பெயர்: ஒஹாயோ மீன்ஸ் ஜாப்ஸ். பக்கத்து மிச்சிகனில் மிச்சிகன் ஒர்க்ஸ், மாசசூசெட்ஸில் மாஸ்ஹையர். நாடு முழுக்கப் பொதுப்பெயர் அமெரிக்கன் ஜாப் சென்டர்.

ஆக, தம்பி, நீங்கள் சொன்ன எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் அந்தக் கட்டிடத்தில் ஒரு மூலை. கட்டிடம் முழுக்க அது இல்லை.

பட்டறைக்காரன், 10 ஏப்ரல் 2024, புதன்

திங்கட்கிழமை முழு சூரிய கிரகணம். மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு வெளியே வந்தோம். வெல்டிங் கண்ணாடி போதுமா என்று காலையிலிருந்து தகராறு. எங்கள் முதலாளி கடையில் வாங்கிய காகிதக் கண்ணாடியை எல்லோருக்கும் கொடுத்துத் தகராறை முடித்தார். பட்டப்பகலில் இருட்டியபோது தெருவிளக்கு எரிந்தது. நான் வழக்கப்படி சாப்பிடாமல் இருந்தேன், பையன்கள் சிரித்தார்கள்.

மறுநாள் வாஷிங்டனில் கீழவை, வியோவா சட்டத்தைப் புதுப்பிக்கிற மசோதாவை 378-க்கு 26 என்று நிறைவேற்றியிருக்கிறது. இந்தக் காலத்தில் இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் கைதூக்குவதும் ஒரு கிரகணம்தான். சட்டத்தின் நிதிக் காலம் 2020-ஓடு முடிந்துபோய், வருஷா வருஷம் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புது மசோதாவில் பெரிய விஷயம், பெரியவர்களுக்கும் வேலையிழந்தவர்களுக்குமான பணத்தில் பாதியாவது பயிற்சிக்கே போக வேண்டும் என்பது. நல்லதுதானே என்று உடனே தோன்றியது. இரவு படுக்கும்போது வேறு மாதிரித் தோன்றியது. மீதிப் பாதியில்தான் அந்தக் கவுன்சலர், அந்தக் காரிடார் ஆள், கட்டிட வாடகை எல்லாம் அடங்க வேண்டும். என் கதையில் படிப்பு முடிந்து மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேனே, அதைத் தீர்த்தது எந்தப் பாதி?

பட்டறைக்காரன், 18 மே 2024

போர்டு கூட்டத்துக்குப் போய் வந்தேன். முதலாளிக்கு அழைப்பு, அவருக்கு முட்டி வலி, "நீ போய்க் கேட்டுட்டு வா" என்றார். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், யாரும் போய்ச் சுவரோரம் உட்காரலாம். நான் போன அன்று சுவரோரம் நான் மட்டும்.

ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால்வாசி பட்ஜெட், தீர்மானம், வழிமொழிதல். காபி நன்றாக இருந்தது. கடைசிப் பதினைந்து நிமிஷம்தான் சுவாரசியம்.

ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர், நர்ஸ் எய்டு ஆட்கள் போதவில்லை, இன்னும் வகுப்பு வேண்டும் என்றார். முதியோர் இல்லம் நடத்துகிற அம்மா, "நாங்கள் பழக்கி எடுத்த ஆட்களை ஒரு டாலர் கூடக் கொடுத்து நீங்கள்தான் கூட்டிப் போகிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு மட்டும்தான் சிரிப்பு. இரண்டு பேரும் காலேஜ்காரரைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார்: ஒஹாயோவில் நர்ஸ் எய்டு படிப்பு 75 மணி நேரம்தான், பணம் இருக்கிறது, சேர ஆளும் இருக்கிறார்கள், பாடம் எடுக்க நர்ஸ் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி கொடுக்கிற சம்பளத்தைக் காலேஜ் கொடுக்க முடியாது. யூனியன் ஆள் ஒருவர், எலக்ட்ரீஷியன், அதுவரை வாயே திறக்கவில்லை. "சம்பளத்தைக் கூட்டினால் பாதிப் பிரச்சினை போகும்" என்றார். அறை அமைதி. அடுத்த கூட்டத் தேதி அறிவித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "இதை என்னைக் கேட்டிருந்தா பார்க்கிங்லயே சொல்லியிருப்பேனே" என்றாள்.

ஆனாலும் அந்த நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததால்தான் முடிச்சு எங்கே என்று வெளியே வந்தது. தனித்தனியாக இருந்தால் ஆஸ்பத்திரிக்காரர் "ஆள் இல்லை" என்றும், காலேஜ்காரர் "சீட் இருக்கிறது" என்றும் ஆளுக்கொரு அறிக்கை எழுதியிருப்பார்கள். அவிழ்த்தார்களா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை.

பட்டறைக்காரன், 19 மே 2024

"எங்கள் வரிப்பணம், எச்-1பி-க்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை" என்று இரண்டு பேர் கொதித்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கொதிக்க விறகு தருகிறேன். உங்கள் எச்-1பி விண்ணப்பத்தோடு கம்பெனி 1,500 டாலர் (25 பேர் வரை உள்ள சின்னக் கம்பெனி என்றால் 750) தனியாக ஒரு கட்டணம் கட்டுகிறது. 1998-இல் வந்த வேறொரு சட்டம் கொண்டுவந்தது. அதை உங்களிடமிருந்து பிடிக்கவும் கூடாது. அதில் சரிபாதி தொழிலாளர் துறை வழியாக, இங்கே உள்ளவர்களுக்கு அதே மாதிரி வேலைக்குப் பயிற்சி தரும் மானியமாகப் போகிறது. போர்டுகளும் அந்த மானியம் வாங்கியிருக்கின்றன. நம் பெயரில் கட்டிய காசில் பக்கத்து வீட்டுக்காரர் கோடிங் படித்திருக்கலாம். எனக்கு இதில் வருத்தமில்லை, வீட்டுக்கு வீடு வாசற்படி.

பட்டறைக்காரன், 14 ஜூலை 2024

ஆள் எடுக்கிற பக்கத்துக் கதையும் வேண்டும் என்கிறார் மேசன் ஊர் மாப்பிள்ளை. இதில் எனக்கே அசடு வழியும்.

நான் ஷிஃப்ட் பொறுப்புக்கு வந்த பிறகு முதல் ஓ.ஜே.டி. ஆள். மையத்திலிருந்து அனுப்பினார்கள், பையன் தங்கம். பேசியது வியாழன். எனக்கோ அவசரம், ஒரு பெரிய ஜாப் நிற்கிறது. "திங்கட்கிழமை வந்துவிடு" என்றுவிட்டேன். வந்தான், வேலை செய்தான். புதன்கிழமை ஒப்பந்தத்தோடு மையத்து ஆள் வந்தார். பையன் மெஷினில் நிற்பதைப் பார்த்துவிட்டு பேப்பரைப் பைக்குள் வைத்துவிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் ஆள் வேலையில் சேர வேண்டும். முன்பே சேர்த்துவிட்டால், "இவரை நீங்கள் எப்படியும் எடுத்திருப்பீர்கள், பணம் எதற்கு?" அவ்வளவுதான். முதலாளி என்னைத் திட்டவில்லை, ஆனால் அந்த மாதம் முழுக்க "ஹலோ, எட்டாயிரம் டாலர்" என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது ஆளுக்குப் பேப்பர் எல்லாம் சுத்தம். பாதிச் சம்பளம் திரும்பி வந்தது (75 சதவீதம் வரை போக இடமுண்டு, எங்களுக்கு 50). பையன் ஏழாவது வாரம் நின்றுவிட்டான். காரணம், கார். அவன் வீட்டிலிருந்து பட்டறை 22 மைல், பஸ் கிடையாது, கியர்பாக்ஸ் போய்விட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது சி.என்.சி. பயிற்சி இல்லை, கியர்பாக்ஸ். திட்டத்தில் போக்குவரத்துக்கும் பிள்ளை பார்த்துக்கொள்ளவும் உதவி என்று ஒரு பிரிவு இருக்கிறது, கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. எனக்கு அப்போது தெரியாது. மையத்து ஆளுக்குத் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று பேர் மூன்று பக்கம்.

மூன்றாவது ஆள் ஒரு பெண், 41 வயது. இன்னும் இருக்கிறார். என்னைவிட நன்றாக அளக்கிறார்.

பட்டறைக்காரன், 21 செப்டம்பர் 2024

தடம் மாறுகிறது என்று சிலர் முணுமுணுத்தாலும், யங்ஸ்டவுன் (ஒஹாயோவின் எஃகு ஊர்) பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 1977 செப்டம்பர் 19, திங்கள். யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் தன் பெரிய எஃகு ஆலையை மூடுவதாக அறிவித்தது, சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கறுப்புத் திங்கள் என்றுதான் சொல்வார்கள். முன்னறிவிப்பு என்று ஒன்றும் இல்லை. 60 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற சட்டம் வர 1988 ஆனது. அதுவும் பொதுவாக 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குத்தான். அந்த நோட்டீஸ் மாநிலத்துக்கும் போகும், போனதும் மையத்து ஆட்கள் ஆலைக்குள்ளேயே வந்து மேஜை போடுவார்கள். பக்கத்து லார்ட்ஸ்டவுனில் 2019 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, மேஜை போட ஓர் ஏற்பாடாவது இருந்தது. 1977-இல் அது கூட இல்லை.

எனக்குப் புரியாத ஒன்று, படித்ததும் தலை சுற்றியது. போர்டுகளுக்கு வியோவா பணம் பகிர்கிற சூத்திரம் பெரும்பகுதி வேலையில்லாதவர் எண்ணிக்கையை வைத்துத்தான். ஊரில் வேலையின்மை குறைந்தால் போர்டுக்கு வரும் பணமும் குறையும். ஆனால் வேலையின்மை குறைந்த சமயத்தில்தான் எங்களைப் போன்ற பட்டறைகள் "ஆள் இல்லை, ஆள் இல்லை" என்று கத்துகிறோம். மிச்சம் இருப்பவர்களும் கார் இல்லாதவர், பிள்ளையை விட இடம் இல்லாதவர், சிறையிலிருந்து வந்தவர். ஒருவருக்கு நிறையச் செலவு பிடிக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை வெட்டுகிற மாதிரி.

அப்புறம், என் 2009 கதையில் விட்டுப்போன ஒரு போன் விஷயம். வேலை கிடைத்து ஆறு மாதம் கழித்துக் கவுன்சலர் அம்மா கூப்பிட்டு, இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா, சம்பளம் ஏறியதா என்று கேட்டார். நெகிழ்ந்துபோய் ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டத்திலிருந்து வெளியேறி இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறானா, நடுமதிப்புச் சம்பளம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் அவர்களுக்கு மார்க் போடுகிறார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. முதலில் ஏமாந்த மாதிரி இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மார்க்குக்காகக் கேட்டாலும் கேட்டது அவர் ஒருவர்தான். மைசூர்பாகு வீணாகவில்லை.

இந்த மார்க்கில் ஒரு தீமை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தேறுகிற ஆளாகப் பார்த்துச் சேர்த்தால் மார்க் ஏறும். 2009-இல் நான் தேறுகிற ஆளாகத் தெரிந்தேன், நூல் கணக்கு புண்ணியத்தில். என் பக்கத்தில் உட்கார்ந்து அதே தேர்வு எழுதியவர், பிரஸ் ஓட்டியவர், 55 வயது. அவரை அப்புறம் வகுப்பில் பார்க்கவில்லை.

பட்டறைக்காரன், 2 நவம்பர் 2024

தீபாவளி வாழ்த்து.

ஓசூர்த் தம்பி தனிச்செய்தியில் அனுப்பியதை அவர் அனுமதியோடு போடுகிறேன். வீட்டம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பயிற்சிப் பணம் கடைசிவரை வரவில்லை. வரி கணக்கு பார்க்கிற ஒரு சின்ன அலுவலகம், சீசனுக்கு முன் ஆள் தேடி மையத்தில் சொல்லி வைத்திருக்கிறது. ஜனவரியில் ரெஸ்யூமே வகுப்பு எடுத்த அதே அம்மா ஞாபகம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். நூலகத்தில் இலவசமாகக் குவிக்புக்ஸ் கற்றுக்கொண்டது போதுமானதாக இருந்ததாம். தம்பி, பரிமாறுகிற அம்மாவைத் திட்ட வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா?

"ஆக போர்டு ஒன்றும் செய்யவில்லை, அந்த அம்மாதான் செய்தார்" என்று அவர் இன்னும் தன் கட்சியிலேயே நிற்கிறார். அந்த அம்மாவுக்குச் சம்பளம் யார் ஒதுக்கினார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை, ஒரு லட்டுப் படம் வந்தது.

பட்டறைக்காரன், 21 டிசம்பர் 2024

கிரகண மசோதா படுத்துவிட்டது. அரசாங்கச் செலவுக்கான பெரிய கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், 1,500 பக்கத்துக்கு மேல். கடைசி நேரத்தில் கட்டைப் பிரித்து மெலிதாக வேறொன்றை நிறைவேற்றினார்கள், அதில் இது இல்லை. மறுபடி வருஷா வருஷம் ஒட்டுதான். பாதி பயிற்சிக்கு என்ற சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று ஏப்ரலிலிருந்து முடிவு செய்யவில்லை, இனி அவசரமும் இல்லை.

பட்டறைக்காரன், 11 ஜனவரி 2025

புதிதாக வந்திருக்கிற ஆக்ரன் அம்மாவுக்கு: மாமனார் மாமியார் கிரீன் கார்டில் இருந்தால் இலவச ஆங்கில வகுப்பு உண்டு, இங்கே ஆஸ்பைர் என்று பெயர், மையத்திலேயே கேட்கலாம். உங்களுக்கு: இ.ஏ.டி. அட்டை, சோஷியல் செக்யூரிட்டி, முகவரிக்கு ஒரு பில், கணவர் சம்பளச் சீட்டு. ஊர் மார்க்‌ஷீட்டை ஒரிஜினலாகக் கொண்டுபோக வேண்டாம், காப்பி போதும். கவுன்டரில் ஃபாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதோடு வந்துவிடாதீர்கள். கம்பெனிகளோடு பேசுகிற ஆள் யார் என்று பெயர் கேட்டு, அவர் எந்த நாள் ஆபீஸில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு அந்த நாளில் போங்கள். எங்கள் பக்கம் அவர் வியாழக்கிழமை இருப்பார், மற்ற நாளெல்லாம் ஊர் சுற்றுவார்.